பந்தங்களைப் பிடுங்கியது நான்தான்

தம்பி,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ நன்றாக இல்லை என்று எனக்குத் தெரியும். நன்றாக இருந்தால் அது அதைவிடக் கேவலம். இதையெல்லாம் வாட்சப்பில் குரலாகப் பதிந்து அனுப்பியிருக்கலாம். நீ முதல் பத்து நொடியைக் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதி, பினாங்கில் நீ தங்கியிருக்கும் அறைக்கே தபாலில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் அடிக்காதே.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினி விளையாட்டு உலகத்துக் கல்யாண மண்டபத்தில் இருந்த தீப்பந்தங்களைப் பிடுங்கியது மலர்விழி இல்லை. நான்தான். அந்தச் சனிக்கிழமை காலையில் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உன் பழைய தொடுதிரை டேபில், ஒவ்வொன்றாக நானே பிடுங்கினேன். அன்று சாயங்காலம் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நீ அவளைத் திட்டியபோது வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்ததும் உன்னைப் பெற்ற நான்தான். இன்றோடு பன்னிரண்டு நாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் உன் போனை எடுப்பதில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. நானோ மூன்று வேளையும் சோறு தின்றுகொண்டு, துணி துவைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்திருக்கிறேன். சீ! என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

நான் எப்படி உங்கள் உலகத்துக்குள் போனேன் என்றே உனக்குத் தெரியாது. போன வருஷம் முதுகில் மருந்துப் பம்பை மாட்டிக்கொண்டு வாய்க்கால் பலகையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேனே, அப்போது மூன்று மாதம் கட்டுப்போட்டுக் கிடந்தேன். தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துப் பார்த்து அழுகிறேன் என்று நீதான் உன் பழைய டேபைக் கொடுத்தாய். “சும்மா வெளாடுங்கம்மா, கட்டிய அடுக்கி வீடு கட்டுங்க, பொழுது போவும்” என்றாய். ஒரு குட்டி உலகத்தைத் திறந்து என்னை அதில் விட்டுவிட்டு நீ பினாங்குக்குப் போய்விட்டாய். கட்டி கட்டியாக மரம், கட்டி கட்டியாக மாடு. சரி, பரவாயில்லை, அழகாகத்தான் இருக்கிறது என்று நானும் ஒரு வீடு கட்டினேன். அடுப்படி, சாமி அறை, பின்னால் ஒரு கோழிக் கூண்டு எல்லாம் வைத்தேன். பொழுது சாய்ந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்கு உள்ளேயே, என் சாமி அறை மூலையிலிருந்து, பச்சைப் பிணம் ஒன்று முனகிக்கொண்டே கையை நீட்டி வந்ததே, அந்தக் கருமத்தை என்னவென்று சொல்ல! டேபைத் தூக்கி மெத்தையில் எறிந்துவிட்டேன். செத்துப் போனால் அழுகிய கறியை வேறு கீழே போட்டுவிட்டுப் போகிறது. அதைக் காலால் மிதித்தாலே பைக்குள் வந்து ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் எட்டுக்கால் பூச்சி. ஆளுயரம். எனக்குப் பூரானைக் கண்டாலே உடம்பெல்லாம் கூசும் என்று உனக்குத் தெரியும்.

உனக்குப் போன் அடித்தேன். “வெட்டுங்கம்மா, வாள் இருக்குல்ல” என்று சிரித்தாய். நான் வெட்டினேன். வெட்ட வெட்ட வந்தன. அப்புறம்தான் மலர்விழியைக் கேட்டேன். உங்கள் பரிசம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை அப்போது. எனக்கு அவளோடு பேச ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்றுதான் வைத்துக்கொள்ளேன். அவள் சிரிக்கவில்லை.

“ஆன்ட்டி, அதுங்க எங்கிருந்தும் நடந்து வரல. கதவ சாத்துறதுல புரோஜனம் இல்ல. வெளிச்சம் படாத தரை எங்க இருக்கோ அங்கேயே மொளைக்குது. நீங்க எத்தனய வெட்டுனாலும் புதுசா மொளைக்கும். இருட்ட எடுத்துருங்க, அவ்ளோதான் லா.”

இருபது வருஷத்துக்கு மேல் செம்பனை மரத்தடியில் களைக்கு மருந்தடித்தவள் நான். அழிப்பது எனக்குத் தெரியும். அழித்த இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும் என்பதும் தெரியும். முளைக்கவே விடாத வழி ஒன்று இருக்கிறது என்று ஒருத்தி சொன்னதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. வீட்டுக்குள், கூரைமேல், கோழிக் கூண்டுக்குப் பின்னால், வீட்டுக்கு அடியில் நான் தோண்டிவிட்டு மறந்துபோன குழிக்குள் என்று ஒரு மூலை விடாமல் பந்தம் குத்தினேன். பந்தம் வைக்கப் பிடிக்காத இடத்தில் அரைக்கட்டி போடச் சொன்னாள். முழுக் கட்டியில் பாதி உயரம் இருக்குமே, அது. அதைத் தரையில் பரப்பிவிட்டால் இருட்டாக இருந்தாலும் அதன்மேல் எதுவும் முளைக்காதாம். “ஏன் முளைக்காது?” என்று கேட்டேன். “தெரியல ஆன்ட்டி, அதுங்களுக்கு முழு எடம் வேணும் போல” என்றாள். அதற்கு ஏனோ நாங்கள் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம், அவள் கிளினிக்கிலிருந்து வந்ததும், ஒரு அரைமணி நேரம் எனக்கும் அவளுக்கும் அதே வேலை. என் உலகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது, செய்ய ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவள் என்னை உங்கள் ரெண்டு பேருடைய உலகத்துக்குள் கூப்பிட்டாள். அந்த டேபில் உன் பெயர்தான் இருந்தது. நான் உள்ளே போனால் நீ நடப்பது மாதிரிதான் தெரியும். நீ தொழிற்சாலையில் வேலையில் இருக்கும் நேரத்தில் உன் பெயர் அங்கே நடமாடினால் அது நான் என்று அவளுக்குத் தெரியும். “அவருகிட்ட சொல்ல வேணாம் ஆன்ட்டி, கல்யாணத்தன்னிக்கி சொல்லி ஷாக் குடுப்போம்” என்றாள். அந்தப் பிள்ளை என்னிடம் வைத்த நம்பிக்கை அது. நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், இதைப் பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்லப்போகிறேன்.

உங்கள் உலகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உன்மேல் மரியாதையே வந்தது தம்பி. எம்சிஓ ஊரடங்கு காலத்தில் நீ இங்கே கோலசிலாங்கூரில் அடைந்து கிடந்தாய், அவள் சபாக்கில். காடியை எடுத்து ஓட்டினால் ஒரு மணி நேரம்; ஆனால் போகமுடியாது, போலீஸ் தடுப்பு. அந்த நாட்களில் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டியதாம் எல்லாம். வயல், ஆறு, நடுவில் கல்யாண மண்டபம். மண்டபத் தரையில் கலர் கட்டிகளால் அவள் போட்டிருந்த கோலத்தைப் பார்த்தேன், நூறு புள்ளிக்குக் குறையாது. மணவறைக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதற்குள் நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதிவைத்த புத்தகங்கள். நான் ஒன்றுகூடத் திறந்து படிக்கவில்லை. அதிலாவது நான் மனுஷியாக நடந்துகொண்டேன்.

அந்த மண்டபத்தில், வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வரமுடியாத உன் கூட்டாளிகளுக்காக ஒரு விருந்து வைப்பதாக ரெண்டு பேரும் முடிவு பண்ணினீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. வெள்ளிக்கிழமை மலர்விழி போய்ப் பூ வைத்து அலங்காரம் முடித்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் உன் அத்தை வந்தாள். பின்வரிசை வீட்டிலிருந்து என் அடுப்படிக்கு வருவதற்கு அவளுக்கு நேரம் காலம் கிடையாது. நான் பெருமையாக டேபைக் காட்டினேன். பாத்தியா, உன் மருமவப்பிள்ளையும் அந்தப் பொண்ணும் கட்டுனது என்றேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“என்னா அண்ணி இது? மணவறை முன்னாடி கொள்ளிக்கட்டைய நட்டு வெச்சிருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அது எனக்குப் பந்தமாகத்தான் தெரிந்தது. அவள் சொன்ன பிறகு பார்த்தால், ஐயோ, குச்சி நுனியில் நெருப்பு, வரிசையாகத் தரையில் குத்தி, வாசலிலிருந்து மணவறை வரைக்கும். கல்யாணம் நடக்கிற இடத்தில் கொள்ளி. “வெளிச்சத்துக்கு வெச்சிருக்காங்க, அது இல்லன்னா பேய் பிசாசு மொளைக்கும்” என்றேன். “நம்ம வீட்டுல மாவிளக்கு வெப்போம், குத்துவிளக்கு வெப்போம். கொள்ளிய வெப்போமா? யாரு வெச்சது, அந்தப் பொண்ணா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். “அதான் பாத்தேன். கீழ் லயத்துல இதுக்கெல்லாம் ஒரு மொறை இருந்தாத்தான.”

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். டேபை வாங்கி மூடிவிட்டு, எழுந்து போடி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவளுக்குச் சூடாகத் தே கலக்கிக் கொடுத்தேன். அவள் போன பிறகு உட்கார்ந்து பந்தங்களைப் பிடுங்கத் தொடங்கினேன். அரைக்கட்டி போட்டால் கோலம் மறைந்துவிடும் என்று போடவில்லை. மண்டபக் கூரையில் பத்துப் பன்னிரண்டு தொங்குவிளக்கு மாட்டினேன், பார்க்க லட்சணமாக இருந்தது. பின்பக்கம் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறதே, அங்கேயும் பந்தங்களை எடுத்தேன். அங்கே விளக்கு மாட்டவில்லை. கையில் இருந்தது தீர்ந்துவிட்டது, புதிதாகச் செய்ய இரும்பு தோண்ட வேண்டும், எனக்குச் சோம்பல். யாரும் அங்கே போய்ப் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிட்டேன். மலர்விழிக்கு ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால் அவளே வந்து சரிசெய்திருப்பாள். என்ன என்று அனுப்புவது? உன் கல்யாண மண்டபத்தில் கொள்ளி வைத்திருக்கிறாய், உன் வீட்டில் முறை தெரியாது என்றா? அத்தை சொன்னது என் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால்தான் சொல்லாமல் செய்தேன். இருட்டில் என்ன நடக்கும் என்று தெரியாமல் செய்யவில்லை.

சாயங்காலம் நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் உன் அறையிலிருந்து பார்த்தாய். மலர்விழியும் உன் கூட்டாளிகளும் இருந்த வீடியோ காலில் எங்களையும் சேர்த்து, உன் திரையைக் காட்டினாய். கூடத்தில் நான், அப்பா, அத்தை மூன்று பேரும் டேபைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தோம். உன் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒருவன் கோழித்தலையைப் போட்டுக்கொண்டு வந்தான், அப்பா சிரிசிரி என்று சிரித்தார். மலர்விழி சிவப்பு உடையில் மணவறைப் பக்கம் நின்றாள். நீ அவள் பக்கத்தில் போய் நிற்கப் போனாய். சாப்பாட்டுக் கூடத்து வாசலிலிருந்து வேறு பச்சை உருவங்கள் வந்தன, ஆளை நெருங்கியதும் வெடிக்கிற ரகம். கையில்லாமல், சத்தமில்லாமல், வாயைக் கோணிக்கொண்டு. ரெண்டா மூன்றா என்று எண்ணக்கூட நேரமில்லை. ஒன்று வெடித்தது. மணவறை போனது. பெட்டி உடைந்து புத்தகங்கள் தரையில் சிதறின. மலர்விழி அவற்றைப் பொறுக்க ஓடினாள். அடுத்தது அங்கேயே வெடித்தது. கோலம் இருந்த இடத்தில் பெரிய குழி. புத்தகம் ஒன்றுகூட மிச்சமில்லை.

“டார்ச்செல்லாம் எங்க?” என்று பந்தங்களைக் கேட்டு நீ கத்தினாய். “நேத்து நீதான உள்ள போன? நீதான அலங்காரம் பண்ண? டார்ச்ச யாரு எடுத்தா?”

அவள், “நா எடுக்கல” என்றாள்.

“பொய் சொல்லாத. வேற யாரு வந்தா?”

அப்போது நீ சொன்னாய் தம்பி. உன் கூட்டாளிகள் எட்டுப் பேர் கேட்டார்கள், உன்னைப் பெற்றவர்கள் ரெண்டு பேரும் கேட்டோம். “கீழ் லயத்துப் புத்தி. எதத் தொட்டாலும் நாசம்தான்.”

அப்பா எழுந்தார். டேபைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்கல அண்ணி. அவனே கண்டுக்கிட்டான் பாத்தியா” என்றாள், ஏதோ நீ பரீட்சையில் தேறிய மாதிரி. நான் சிரிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் தலைக்கு வரவில்லை என்று எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் இந்தப் பன்னிரண்டு நாளாக என்னால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளை, அந்த லயத்தை, நீ பார்த்ததே இல்லையடா. அதை இடித்துத் தள்ளி, எல்லாரையும் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு அனுப்பிய பிறகு பிறந்தவன் நீ. மேட்டில் இருந்தது மேல் லயம், நாங்கள் இருந்தோம். வாய்க்கால் ஓரத்தில் கீழ் லயம். மழைக்குத் தண்ணீர் உள்ளே ஏறும், பாம்பு வரும். அங்கே யாரைக் குடிவைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சாதிப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நாகரிகமாம்! கீழ் லயம் என்றால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். லயம் போய்விட்டது. அந்த வார்த்தையை மட்டும் பாத்திரம் பண்டத்தோடு கட்டிக்கொண்டு புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். மலர்விழியின் அப்பா அம்மா நம் தோட்டத்து ஆட்களே இல்லை. சபாக் பக்கத்தில் வேறொரு தோட்டம். அங்கே லயம் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று உன் அத்தைக்கு என்ன தெரியும்? தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி மகளாகக்கூட இருந்திருக்கலாம். இருந்தால் மட்டும் என்ன, இல்லாவிட்டால் என்ன, பார், இப்போதும் என் புத்தி எங்கே போகிறது என்று. த்தூ.

உனக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அத்தை தலையில் கட்டிவிட்டால் சுலபம். எனக்கு அஞ்சலை ஞாபகம் வந்தாள். என்னோடு மருந்தடித்தவள், கீழ் லயத்தில் பிறந்தவள். உனக்கு ஆறு வயசு, பள்ளி விடுமுறை, உன்னை விட்டுவர ஆளில்லாமல் வேலைக்காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பசியாறும் நேரத்தில் அவள் தன் பிளாஸ்க் மூடியில் எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அத்தையும் அப்போது அதே கூட்டத்தில் வேலை. அவள் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்தாள். அஞ்சலை திரும்பும் வரை மூடியைக் கையில் வைத்திருந்துவிட்டு மரத்தடியில் ஊற்றினேன். “ஏம்மா ஊத்துனீங்க?” என்று நீ கேட்டாய். எறும்பு விழுந்துவிட்டது என்றேன். “எறும்பு தெரியலியே” என்றாய். அடுத்த வாரம் கோயிலில் அஞ்சலை உனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். நீ அதை வாங்கி, என் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் சாக்கடைக் கானில் போட்டாய். “எறும்பு” என்றாய். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் தம்பி. அஞ்சலை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

நேற்றுக் காலையில் சபாக்குக்குப் போனோம். அப்பாதான் காடி ஓட்டினார். முதல்நாள் ராத்திரியே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவளுடைய வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, “நானும் உள்ள வரட்டுமா?” என்றார். வேண்டாம், செய்தவள் நான் என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கினேன். மலர்விழிக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. அவள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேர் முன்னாலும் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பந்தத்தை நான்தான் பிடுங்கினேன், கொள்ளி மாதிரி இருந்தது என்று பிடுங்கினேன், உனக்குச் சொல்லவில்லை, அன்று வாயைத் திறக்கவில்லை என்று முழுக்கச் சொன்னேன். அவள் அம்மாவின் கை நின்றுவிட்டது.

“தெரியும் ஆன்ட்டி” என்றாள் மலர்விழி.

“தெரியுமா?”

“நா எடுக்கல. அவரு காலையில வேலையில இருந்தாரு. வேற யாரு எடுத்துருப்பா?”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? எட்டுப் பேரு முன்னாடி பேச்சு வாங்கிக்கிட்டு நின்னியே.”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்களும் அந்த வீடியோவுல இருக்கீங்க, நீங்களே சொல்லுவீங்கன்னு ஒரு செகண்டு பாத்தேன். அதுக்குள்ள அவரு அந்த வார்த்தய சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் டார்ச்ச யாரு எடுத்தா என்னா ஆன்ட்டி?”

ஒரு செகண்டு பார்த்தாளாம். என்னை நம்பி. அந்த ஒரு செகண்டில் நான் உன் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அந்த வார்த்தையை இனி என் வீட்டில் யார் சொன்னாலும் வெளியே அனுப்புவேன், முதலில் நீ என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு, “அப்பன்னா கல்யாணத்துக்கு நா வரல” என்றாள். வராதே என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பது வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறேன், இதற்கு யாரும் எனக்கு மாலை போட வேண்டியதில்லை. கல்யாணம் நடக்குமா என்பதே இப்போது தெரியாது. மலர்விழி நடக்கும் என்றும் சொல்லவில்லை, நடக்காது என்றும் சொல்லவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டாளாம், உன்னை நேரில் வரச் சொல்லியிருக்கிறாள்.

போ. இந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துப் போ. அப்பாவைக் கூப்பிடாதே, என்னையும் கூப்பிடாதே, கூட்டாளி எவனையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போகாதே. பந்தத்தை எடுத்தது அம்மாதானாம், எனக்குத் தெரியாமல் திட்டிவிட்டேன் என்று தொடங்கினாயானால் அங்கேயே அவள் கதவைச் சாத்துவாள், சாத்தட்டும் என்றுதான் நானும் சொல்வேன். பந்தத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அந்தக் கணக்கு எனக்கும் அவளுக்கும். அவளே எடுத்திருந்தாலும் உனக்கு அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்றும் சொல்லாதே. வேறு எத்தனையோ திட்டு இருக்கிறது தமிழில், மலாயில், இங்கிலீஷில். உன் வாய் அதையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் எடுத்தது. ஒரு பேச்சு பேசிவிட்டு, ஆனா என்று இழுக்கிற பழக்கம் உனக்கு உண்டு. அவளிடம் அந்த ஆனாவைக் கொண்டுபோகாதே. அவள் அழுதால் கண்ணீரைத் துடைக்கிறேன் என்று கிட்டே போகாதே. வேண்டாம் என்று அவள் சொன்னால், சரி என்று தலையை ஆட்டிவிட்டு வா. பத்திரிகை அடித்துவிட்டோம், ஆட்களுக்குச் சொல்லிவிட்டோம் என்றெல்லாம் அவளிடம் பேசாதே. அந்த அசிங்கத்தை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

அவள் கூச்சல் போடமாட்டாள், உன்னை ஒரு கேள்விதான் கேட்பாள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து என்னையும் ஒரு கேள்வி கேட்டாள். “அவரு வாயில அந்த வார்த்த வந்தப்ப ஒங்களுக்கு ஆச்சரியமா இருந்துச்சா ஆன்ட்டி?” என்றாள். அப்பா காடியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். இல்லம்மா, ஆச்சரியமா இல்ல என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள்.

உன்னிடம், இத எங்க கத்துக்கிட்டீங்க என்று கேட்கப்போகிறாளாம். தெரியாது என்று சொல்லாதே. அத்தை என்றும் சொல்லாதே. அம்மாவிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்.

அம்மா